ஹவார் தீவுகள் யாருக்கு? பஹ்ரைன் – கத்தார் தகராறு குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வளைகுடாவின் சிறு ஷேக்குகள் உரிமை கொண்டாடிய தீவுகளில், நீதிமன்றம் வரை போய் முழுதாகத் தீர்ந்தது என்று சொல்லத்தக்கது ஹவார். 1936இல் எழுதிய ஒரு கடிதத்தில் தொடங்கி, 2001 மார்ச் 16 அன்று ஹேக் நகரில் உள்ள சர்வதேச நீதிமன்றத்தில் முடிந்தது. இந்த வழக்கைப் பற்றித் தமிழில் வரும் குறிப்புகள் பெரும்பாலும் ‘தீவு பஹ்ரைனுக்குக் கிடைத்தது’ என்பதோடு நின்றுவிடுகின்றன. எந்த வாதம் எடுபட்டது, எது எடுபடவில்லை என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

ஹவார் எங்கே இருக்கிறது? அங்கே என்ன இருக்கிறது?

கத்தார் தீபகற்பத்தின் மேற்குக் கரையை ஒட்டி இருக்கும் தீவுக்கூட்டம் இது. பெரிய தீவுக்கும் கத்தார் கரைக்கும் நடுவே 2 கிலோமீட்டர்கூட இல்லை. பஹ்ரைனின் பெரிய தீவோ சுமார் 10 கடல் மைல், அதாவது பதினெட்டு, பத்தொன்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. தீவுகளின் மொத்தப் பரப்பு சுமார் 50 சதுர கிலோமீட்டர்.

ஊற்றுநீர் கிடையாது. பழைய காலத்தில் அங்கே தங்கியவர்கள் மழைநீரைத் தொட்டிகளில் தேக்கிக் குடித்தார்கள். மீன்பிடிப்பும் ஜிப்சம் வெட்டுவதும்தான் தொழில். சுற்றுக்கடலில் ஆவுளியா (கடற்பசு) மேய்கிறது. சொகோத்ரா நீர்க்காகங்கள் ஆயிரக்கணக்கில் கூடு கட்டுகின்றன. இதற்காகவே 1997இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது.

இவ்வளவு வறண்ட தீவுக்கு ஏன் சண்டை?

எண்ணெய்தான் காரணம். 1932இல் பஹ்ரைனில் எண்ணெய் கிடைத்தது. 1935 மே 17 அன்று கத்தார் ஷேக் அப்துல்லா பின் ஜாஸிம் அல் தானி, ஆங்கிலோ-பெர்சியன் ஆயில் கம்பெனிக்கு எண்ணெய் எடுக்கும் உரிமையை எழுதிக் கொடுத்தார். அதுவரை ‘பாலைவனம் எங்கே முடிகிறது, யாருடைய திட்டு எது’ என்று யாரும் அளந்து பார்த்ததில்லை. கம்பெனிக்குக் குத்தகை கொடுக்கும்போது வரைபடத்தில் கோடு போட்டாக வேண்டும். கோடு போடும்போதுதான் ‘ஹவார் யாருக்கு?’ என்ற கேள்வி எழுந்தது.

1936 ஏப்ரல் 28 அன்று பஹ்ரைன் ஆட்சியாளரின் ஆலோசகர் சார்ல்ஸ் பெல்கிரேவ், ஹவார் பஹ்ரைனுடையது என்று பிரிட்டிஷ் பொலிட்டிகல் ஏஜெண்ட்டுக்கு (அங்கிருந்த பிரிட்டிஷ் அரசின் பிரதிநிதி) கடிதம் எழுதினார். பஹ்ரைனிலும் எண்ணெய்க் குத்தகைக்கான பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம் அது. அந்த ஆண்டே பிரிட்டன் ‘பஹ்ரைனுக்கே சாதகமாகத் தெரிகிறது’ என்று ஒரு தற்காலிக முடிவெடுத்தது. கத்தார் ஷேக்கைக் கேட்கவில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் வாதம் பாதி இதைச் சுற்றித்தான்.

பஹ்ரைனை ஆளும் அல் கலீஃபா குடும்பம் கத்தாரிலிருந்து வந்ததுதானே? அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. ஆனால் அது ஹவாரைவிட ஜுபாரா விஷயத்தில்தான் அதிகம். கத்தாரின் வடமேற்குக் கரையில் உள்ள ஜுபாரா, 1760களில் அல் கலீஃபா குடும்பம் குடியேறி வளர்த்த முத்து வணிக ஊர். 1783இல் அவர்கள் பஹ்ரைனைப் பிடித்து அங்கே போனார்கள். ஆனாலும் ஜுபாராவில் இருந்த நயீம் குலத்தார் தங்களுக்கே கட்டுப்பட்டவர்கள் என்று பிற்காலத்திலும் பஹ்ரைன் சொல்லிவந்தது. 1937 ஜூலையில் கத்தார் ஷேக் படையோடு வந்து நயீம் குலத்தாரைப் பணியவைத்தார். மறு ஆண்டு அங்கே ஒரு கோட்டையும் எழுந்தது. அந்தக் கோட்டை இருக்கும் ஜுபாராதான் இன்று யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தலம்.

ஹேக் நீதிமன்றத்தில் ஜுபாரா கத்தாருக்கே என்று ஒருமனதாகத் தீர்ப்பானது. ஒரு குலம் ஓர் ஆட்சியாளருக்கு விசுவாசமாக இருந்தது என்பதால் அவர்கள் ஆடு மேய்த்த நிலம் அவருடையதாகிவிடாது என்பதே சாரம். 1868இல் பிரிட்டிஷ் ரெசிடென்ட் லூயிஸ் பெல்லி பஹ்ரைனோடும் முகமது பின் தானியோடும் தனித்தனியாக உடன்பாடு செய்ததிலிருந்தே கத்தாரில் அல் தானியின் கை ஓங்கத் தொடங்கியது என்று நீதிமன்றம் கண்டது.

அல் தானியும் அல் கலீஃபாவும் சண்டை போட, நடுவில் பிரிட்டிஷார் எப்படி வந்தார்கள்?

அந்தக் கரை ஆட்சியாளர்கள் எல்லோரும் வெளிவிவகாரத்தை பிரிட்டனிடம் ஒப்படைத்திருந்தார்கள். கத்தார் 1916 நவம்பர் 3 உடன்படிக்கையில் கையெழுத்திட்டது. அமைப்பு இப்படி: பஹ்ரைனில் ஒரு பொலிட்டிகல் ஏஜெண்ட், அவருக்கு மேலே ஈரானின் பூஷேர் துறைமுகத்தில் பொலிட்டிகல் ரெசிடென்ட், அவர் இந்திய அரசாங்கத்துக்குக் கீழே, அதற்கும் மேலே லண்டனில் இந்தியா ஆஃபீஸ். வளைகுடாவின் எல்லைத் தகராறுக் கோப்புகள் டெல்லி வழியாகப் போய்வந்தது இதனால்தான். இந்த ஏற்பாடு 1947 வரை நீடித்தது.

கத்தாருக்கென்று தனி ஏஜெண்ட் அப்போது கிடையாது. பஹ்ரைனில் உட்கார்ந்திருந்த அதிகாரியே கத்தார் விவகாரத்தையும் பார்த்தார். அந்த ஒரே அதிகாரிதான் இரு தரப்பின் வாதங்களையும் வாங்கி மேலே அனுப்பினார்.

1939 முடிவு எப்படி எடுக்கப்பட்டது? படிப்படியாகச் சொல்ல முடியுமா?

இது கொஞ்சம் நீளும். வழக்கின் உயிரே இங்கேதான் என்பதால் தேதிகளோடு சொல்கிறோம்.

1938 மே 10: பஹ்ரைன் ஹவாரில் காவல் படையை நிறுத்தியிருப்பதைப் பற்றிக் கத்தார் ஷேக், ஏஜெண்ட் ஹியூ வெயிட்மனுக்குப் புகார் எழுதினார். மே 20: வெயிட்மன் பதில் எழுதினார். பஹ்ரைன் ஏற்கெனவே தீவில் இருப்பதால் முதல் பார்வைக்கு அதற்கு ஓர் உரிமை தெரிகிறது; ஷேக்குக்கு மறுப்பு இருந்தால் ஆதாரத்தோடு முறைப்படி எழுதித் தரலாம்; பிரிட்டிஷ் அரசு முடிவெடுக்கும் என்றார். மே 27: ஷேக் முறைப்படி கோரிக்கை எழுதிக் கொடுத்தார். இந்த மே 27 கடிதம்தான் அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு அவருடைய வாரிசுகளைக் கட்டிப்போட்டது.

1939 ஜனவரி 3: பஹ்ரைன் எதிர்வாதம் தந்தது. ஹவாரில் வசித்த தவாஸிர் குலத்தார், பஹ்ரைன் காஜிகள் தீர்த்த வழக்குகள், மீன்பிடி, தண்ணீர்த் தொட்டிகள் எல்லாம் அதில் இருந்தன. மார்ச் 30: கத்தாரின் மறுமொழி. அதன் முக்கியமான வாதம், தீவு தன் கரையோடு ஒட்டியது என்பதே. ஏப்ரல் 22: வெயிட்மன் பஹ்ரைனுக்குச் சாதகமாக அறிக்கை எழுதினார்.

1939 ஜூலை 11: ரெசிடென்ட் ட்ரென்சார்ட் ஃபௌல் இரு ஆட்சியாளர்களுக்கும் கடிதம் அனுப்பினார். இரு தரப்பின் சான்றுகளையும் கவனமாகப் பார்த்து, ஹவார் தீவுகள் பஹ்ரைனுக்குரியவை, கத்தாருக்குரியவை அல்ல என்று முடிவு செய்திருப்பதாகச் செய்தி. காரணம் ஒன்றும் எழுதவில்லை. ஆகஸ்டில் கத்தார் ஷேக் எதிர்ப்புத் தெரிவித்தார், முடிவு மாறவில்லை.

கரையோடு ஒட்டிய தீவு எப்படி வேறு நாட்டுக்குப் போகும்? இது அநியாயம் இல்லையா?

எல்லோரும் முதலில் கேட்பது இதுதான். வரைபடத்தைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் சர்வதேசச் சட்டத்தில் அருகில் இருப்பது மட்டுமே உரிமையைத் தந்துவிடாது. வேறு வலுவான சான்று இல்லாதபோது அது துணைச் சான்றாக நிற்கலாம்.

இதைவிட முக்கியமானது ஒன்று. ஹேக் நீதிமன்றம் ‘ஆதிகாலத்தில் ஹவார் யாருடையது?’ என்ற கேள்விக்குள் போகவே இல்லை. தவாஸிர் குலத்தார் எத்தனை தலைமுறை அங்கே இருந்தார்கள், யார் கொடி பறந்தது என்று இரு தரப்பும் மலைபோல் ஆவணம் கொட்டின. நீதிமன்றம் அதையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டது: 1939 முடிவு செல்லுமா? இரு ஆட்சியாளர்களும் பிரிட்டனிடம் முடிவை ஒப்படைக்கச் சம்மதித்தார்கள். சம்மதித்தபின் வந்த முடிவு கட்டுப்படுத்தும். பிடிக்கவில்லை என்று பிறகு எதிர்த்ததால் முன்பு தந்த சம்மதம் அழிந்துவிடாது. காரணம் எழுதாததும் முடிவைச் செல்லாததாக்கவில்லை, ஏனென்றால் காரணம் எழுத வேண்டும் என்று யாரும் நிபந்தனை போட்டிருக்கவில்லை. இத்தனைக்கும் அதை நடுவர் தீர்ப்பு என்று நீதிமன்றம் ஏற்கவில்லை. நடுவர் தீர்ப்பு இல்லாவிட்டாலும் கட்டுப்படுத்தும் என்றது.

12 நீதிபதிகள் பஹ்ரைன் பக்கம், 5 பேர் எதிர்ப்பு. பெஜாவுய், ரஞ்சேவா, கொரோமா மூவரும் சேர்ந்து நீண்ட மாற்றுக் கருத்து எழுதினார்கள். 1936இல் மனதுக்குள் முடிவு செய்துவிட்ட ஒரு வல்லரசிடம், அது தெரியாத ஒரு ஷேக் தந்த சம்மதம் எந்த அளவுக்குச் சம்மதம் என்ற கேள்வி எளிதில் தள்ளக்கூடியது அல்ல. சட்டப்படி பெரும்பான்மைத் தீர்ப்பு நிற்கிறது. ஆனால் காலனி அதிகாரி எழுதிய காரணமற்ற ஒரு கடிதத்தின் மேல் இத்தனை பாரத்தை ஏற்றியது இந்தத் தீர்ப்பின் பலவீனம் என்றே நாங்கள் கருதுகிறோம்.

அப்படியென்றால் ஜனான் தீவு மட்டும் ஏன் கத்தாருக்கு?

ஹவாரின் தென்மேற்கு முனைக்கு அப்பால் சுமார் 700 மீட்டர் நீளம், 175 மீட்டர் அகலம் உள்ள சிறு தீவு ஜனான். 1939 கடிதம் ‘ஹவார் தீவுகள்’ என்று மட்டும் சொன்னது. எவை எவை என்று பட்டியல் போடவில்லை. 1947 டிசம்பர் 23 அன்று கடலடி எல்லையைப் பிரித்து பிரிட்டன் எழுதிய கடிதங்களில், ஜனான் ஹவார் கூட்டத்தைச் சேர்ந்ததாகக் கருதப்படாது என்று தெளிவாக இருந்தது. முடிவெடுத்தவரே தந்த விளக்கம் என்று நீதிமன்றம் அதை எடுத்துக்கொண்டது. பஹ்ரைனே 1939க்கு முன் நான்கு முறை தந்த தீவுப் பட்டியல்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. ஜனான் பெயர் ஒன்றில்தான் இருந்தது. உரிமை கோருபவர் முதல் நாளிலிருந்தே பெயர்ப் பட்டியலைச் சரியாக வைத்திருக்காவிட்டால் இதுதான் நடக்கும்.

12 மீட்டர் நீளமுள்ள ஒரு தீவு பற்றிக் கேள்விப்பட்டோம். உண்மையா?

உண்மை. பெயர் கித்அத் ஜராதா. ஓதம் ஏறி நிற்கும்போது அது 12 மீட்டருக்கு 4 மீட்டர். உயரம் சுமார் 40 சென்டிமீட்டர். ஒரு சின்ன வீட்டின் அளவு மணல், முழங்கால் உயரம்கூட இல்லை. வற்றத்தில் அதுவே 600 மீட்டருக்கு 75 மீட்டராக விரிகிறது. ஓதத்திலும் தண்ணீருக்கு மேலே தலை தெரிந்ததால் சட்டப்படி அது தீவு. பஹ்ரைன் அங்கே கப்பல்களுக்கு அடையாளக் கம்பம் நட்டிருந்தது. ஆர்ட்டீசியன் கிணறு தோண்ட உத்தரவிட்டிருந்தது. இத்தனூண்டு தீவுக்கு இதுவே போதும் என்று 12–5 கணக்கில் பஹ்ரைனுக்குக் கொடுத்தார்கள்.

பக்கத்தில் இருக்கும் ஃபஷ்த் அத் திபல் வேறு கதை. அது வற்றத்தில் மட்டும் வெளியே தெரியும் திட்டு, ஓதத்தில் மூழ்கிவிடும். இப்படிப்பட்ட திட்டைத் தீவைப் போல் ‘பிடித்து’ உரிமை கொள்ள முடியாது. அது யாருடைய கடலுக்குள் விழுகிறதோ அவருக்கே. எல்லைக்கோடு வரைந்தபோது கத்தார் கடலுக்குள் விழுந்தது. 1986 ஏப்ரலில் பஹ்ரைன் அங்கே கட்டுமானம் செய்தபோது கத்தார் ஹெலிகாப்டரில் படையை இறக்கி வேலையாட்களைப் பிடித்துச் சென்ற இடம் இதுதான்.

கடல் எல்லையை எப்படிப் போட்டார்கள்?

முதலில் இரு கரைகளின் வற்றக் கோட்டை எடுத்தார்கள். பஹ்ரைன், தன் தீவுகளின் வெளிமுனைகளை நேர்கோடுகளால் இணைத்து உள்ளே இருப்பதெல்லாம் தன் உள்நாட்டு நீர் என்று கேட்டது, நீதிமன்றம் மறுத்தது. அடுத்து, இரு கரைகளிலிருந்தும் சம தூரத்தில் ஒரு தற்காலிகக் கோடு. கடைசியாக, அந்தக் கோடு எங்கேயாவது அநியாயமாக வளைகிறதா என்று பார்த்துத் திருத்துவது.

திருத்தியது இப்படி: கித்அத் ஜராதா தீவாகவே இருந்தாலும், 12 மீட்டர் மணலுக்காகக் கோட்டைக் கிழக்கே தள்ளுவது பொருந்தாது என்று அதன் விளிம்பை ஒட்டியே கோட்டை இழுத்தார்கள். வடக்கே கடலுக்குள் நீளும் ஃபஷ்த் அல் ஜாரிம் திட்டைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. பழைய முத்துப் பார்கள் தங்களுடையவை என்று பஹ்ரைன் சொன்னதும் எடுபடவில்லை. முத்துக்குளிப்பு நின்று பல காலம் ஆயிற்று. அது நடந்தபோதும் கரை மக்கள் எல்லோருக்கும் பொதுவாகவே இருந்தது.

நேர்கோட்டு வாதம் தோற்றதால் ஒரு பயன் கத்தாருக்குக் கிடைத்தது. ஹவாருக்கும் பஹ்ரைனின் மற்ற தீவுகளுக்கும் இடையே உள்ள கடல் உள்நாட்டு நீர் இல்லை என்று ஆனதால், கத்தார் கப்பல்கள் அங்கே இடைஞ்சல் செய்யாமல் கடந்துபோகும் உரிமை உண்டு. இதைத் தீர்ப்பிலேயே ஒருமனதாக எழுதிவைத்தார்கள்.

போலி ஆவணங்கள் என்று ஒரு பேச்சு உண்டே?

கத்தார் 1996இல் தாக்கல் செய்த மனுவோடு வைத்த 82 ஆவணங்கள் போலி என்று 1997 செப்டம்பரில் பஹ்ரைன் ஆட்சேபித்தது. கத்தார் நிபுணர்களை வைத்துப் பார்த்தது; அந்த நிபுணர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து வரவில்லை. 1998 செப்டம்பரில் அந்த 82ஐயும் நம்பப்போவதில்லை என்று கத்தாரே அறிவித்து, வருத்தமும் தெரிவித்தது. ஹவார் வாதத்தின் பெரும்பகுதி அவற்றின் மேல் நின்றதால் வழக்கைத் திரும்பக் கட்டவேண்டி வந்தது.

இரு நாடும் ஒப்புக்கொள்ளாமல் ஹேக்குக்குப் போக முடியாதே? பஹ்ரைன் ஒப்புக்கொண்டதா?

1990 டிசம்பரில் தோஹாவில் நடந்த கூட்டத்தில் மூன்று வெளியுறவு அமைச்சர்கள் (மூன்றாமவர் சவூதி) ஒரு கூட்டக் குறிப்பில் கையெழுத்திட்டார்கள். 1991 ஜூலை 8 அன்று கத்தார் தனியாகவே வழக்குத் தொடுத்தது. ‘அது வெறும் கூட்டக் குறிப்பு, ஒப்பந்தம் அல்ல’ என்றது பஹ்ரைன். என்னென்ன ஒப்புக்கொண்டோம் என்று பட்டியலிட்டுக் கையெழுத்திட்டால் அது ஒப்பந்தம்தான் என்று 1994இல் நீதிமன்றம் சொன்னது. அதிலிருந்த ‘அல் தரஃபான்’ (இரு தரப்பினர்) என்ற அரபுச் சொல்லுக்குச் ‘சேர்ந்து’ என்று பொருளா, ‘ஒவ்வொருவரும்’ என்று பொருளா என்பதில் இன்னொரு சண்டை. 1995 பிப்ரவரியில் 10–5 கணக்கில் கத்தார் தனியே வந்தது செல்லும் என்றானது.

வளைகுடாவின் அபூ மூஸா, தும்ப் தீவுகளையும் இப்படித் தீர்க்க முடியாதா?

அங்கே தகராறு, இன்று ஐக்கிய அரபு அமீரகத்தில் உள்ள ஷார்ஜா, ராஸ் அல் கைமாவை ஆண்ட காசிமிகளுக்கும் ஈரானுக்கும் இடையே. 1971 நவம்பர் 30 அன்று, பிரிட்டன் வெளியேறுவதற்குச் சற்று முன், ஈரான் படை இறங்கியது. அபூ மூஸா விஷயத்தில் ஷார்ஜாவோடு ஓர் ஏற்பாடு இருந்தது: இரு தரப்பும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை, எண்ணெய் வருமானம் பாதிப் பாதி. தும்ப் தீவுகளுக்கு அப்படி ஒன்றும் இல்லை. ஐக்கிய அரபு அமீரகம் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்கிறது, ஈரான் சம்மதிப்பதில்லை. ஹவார் வழக்கை நகர்த்திய தோஹா குறிப்பு போன்ற ஒரு தாள் இங்கே இல்லை.

பழைய கடிதங்களைப் படிப்பவர்கள் எங்கே தவறுகிறார்கள்?

பூஷேர், பஹ்ரைன் அலுவலகக் கோப்புகள் இந்தியா ஆஃபீஸ் ஆவணங்களில் ஆர்/15 வரிசையில் உள்ளன. பெரும்பகுதி கத்தார் டிஜிட்டல் நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அடிக்கடி நேரும் பிழைகள்: 1936 தற்காலிகக் கருத்தை 1939 முடிவோடு குழப்புவது, 1913 ஆங்கிலோ-ஒட்டோமான் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்ததாக எழுதுவது (அது உறுதிசெய்யப்படவே இல்லை), அதிகாரிகள் தங்களுக்குள் எழுதிக்கொண்ட குறிப்பை ஆட்சியாளருக்குத் தெரிவித்த முடிவாக எடுத்துக்கொள்வது. யார், யாருக்கு, எந்தத் தேதியில் எழுதினார், அது மற்றத் தரப்பின் கைக்குப் போனதா என்று நான்கையும் முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

தீர்ப்பை மாற்ற வழி உண்டா?

மேல்முறையீடு கிடையாது. புதிய சான்று கிடைத்தால் மறுஆய்வு கேட்கலாம். ஆனால் சான்று கிடைத்த ஆறு மாதத்துக்குள், தீர்ப்பு வந்த பத்து ஆண்டுகளுக்குள் கேட்க வேண்டும். அந்தக் கெடு 2011 மார்ச்சோடு முடிந்தது. இரு நாடும் தீர்ப்பை ஏற்றுக்கொண்டன. 2017இல் உறவு முறிந்தபோதும், 2023இல் மீண்டும் தூதரக உறவு தொடங்கியபோதும் ஹவார் எல்லைக்கோடு அதே இடத்தில்தான் இருக்கிறது.